பாடும் சீட்டும்

'பாடு' என்ற சொல்லுக்குத் தமிழில் துன்பம் என்று ஒரு பொருள். உழைப்பு என்று ஒரு பொருள். பங்கு, நிலை, தகுதி என்று அகராதி மேலும் விரித்துக்கொண்டே போகும். கடற்கரையில் அது இன்னொன்றும் ஆகிறது. வலையில் விழுந்த மீனுக்குப் பாடு என்று பெயர். மீன் விழும் இடத்துக்கும் பாடு என்றுதான் பெயர். பண்பு என்றால் என்ன என்று கேட்டுக்கொண்ட கலித்தொகைக் கவிஞனும் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொன்னான். பழவேற்காட்டு ஏரியின் தென்பகுதிக் குப்பங்களில் இதே சொல் ஒரு சமூக ஏற்பாட்டின் பெயர். ஏரியில் யார், எந்த இடத்தில், எப்போது வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் ஏற்பாடு அது.

சீட்டு எடுக்கிறவன் தன் பிழைப்பை ஒரு துண்டுத் தாளிடம் ஒப்படைக்கிறான். படித்தவர்களாகிய நாம் இதை ஏழைகளின் விதி நம்பிக்கை என்று சொல்லித் தாண்டிப் போய்விடுகிறோம். விதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்காமல் இருப்பதற்காக மனிதர்கள் யோசித்துச் செய்த காரியம் இது. இதன் அருமை விளங்க வேண்டுமானால், சீட்டை நேர் எதிரான காரியத்துக்குப் பயன்படுத்திய ஒரு கற்பனையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்தக் கற்பனை ஜப்பானிலிருந்து வந்தது.

2006-இல் ஃபிளாட் என்ற ஒரு சிறு குழு 'கில்லர் குயீன்' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. பிறகு அது 'சீக்ரெட் கேம்' என்ற பெயரில் விரிந்தது. விளையாட்டு என்ற பெயரே தவிர, பெரும்பகுதி திரையில் படிக்கிற நாவல்தான்; படித்துக்கொண்டே போகிறவன் சில இடங்களில் மட்டும் இதுவா அதுவா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத 13 பேர் கடத்தப்பட்டு ஒரு பாழடைந்த கட்டடத்தில் கண் விழிக்கிறார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பட்டை, ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு கருவி. கருவியின் திரையில் சீட்டுக்கட்டின் 13 சீட்டுகளில் ஒன்று. சீட்டுக்குச் சீட்டு நிபந்தனை வேறு. அதை நிறைவேற்றினால் கழுத்துப்பட்டை கழலும். மூன்று நாள் கெடுவுக்குள் நிறைவேற்றாவிட்டால் உயிர் போகும். ஏஸ் சீட்டு வைத்திருப்பவன் ராணிச் சீட்டு வைத்திருப்பவரைக் கொல்ல வேண்டும். ராணிச் சீட்டுக்காரர் கெடு முடியும்வரை உயிரோடு இருந்தால் போதும். இன்னொரு சீட்டுக்காரர் மூன்று பேரைக் கொன்றாக வேண்டும். மற்றொருவர் ஒரு நாள் பொழுது இன்னொருவரோடு சேர்ந்திருந்து, அந்த ஆள் இறுதிவரை சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரம் ஆக ஆகக் கட்டடத்தின் கீழ்த்தளங்கள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்படுகின்றன. எல்லோரும் மேலே மேலே ஏறி, குறுகிக்கொண்டே வரும் இடத்தில் ஒருவரை ஒருவர் சந்தித்தே ஆக வேண்டும். இதையெல்லாம் வெளியிலிருந்து பார்த்துப் பந்தயம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிகிறது.

கதை தனித்தனி அத்தியாயங்களாக நடக்கிறது. ஆனால் ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்தது தொடர்வதில்லை. அதே 13 பேர், அதே கட்டடம், மறுபடி முதலிலிருந்து. முதல் தடவை செத்தவன் அடுத்த தடவை பிழைக்கிறான், முதல் தடவை அன்பாக இருந்தவள் அடுத்த தடவை கத்தியோடு வருகிறாள். மனிதர்களின் குணத்தைவிடக் கையில் விழுந்த சீட்டும், முதலில் யாரைச் சந்தித்தோம் என்பதும்தான் ஒருவனைக் கொலைகாரனாகவோ தியாகியாகவோ ஆக்குகிறது என்பதை இந்த வடிவமே சொல்லிவிடுகிறது. நம் நாவலாசிரியர்களில் பலர் இன்னும் குணச்சித்திரம் என்ற ஒன்றைக் கல்வெட்டுப் போல நம்பிக்கொண்டிருக்கும்போது, ஒரு பொழுதுபோக்குச் சாதனம் அதைப் போகிற போக்கில் கலைத்துப் போட்டிருக்கிறது.

இந்தக் கற்பனை தனியாக முளைத்ததல்ல. 1996-இல் தொடங்கிய 'கைஜி' என்ற சித்திரக்கதையில் கடனாளிகள் ஒரு கப்பலில் ஏற்றப்பட்டுச் சூதாட வைக்கப்படுகிறார்கள். 1999-இல் கொஷுன் தகாமியின் 'பேட்டில் ராயல்' நாவல் வந்தது. ஒரு வகுப்பின் 42 மாணவர்களை ஒரு தீவில் இறக்கிவிட்டு, ஒருவர் மிஞ்சும்வரை கொன்றுகொள்ளச் சொல்கிறது அரசாங்கம். அதற்கு முன்பே அது ஓர் இலக்கியப் பரிசுக்கு வந்து, நடுவர்களுக்கு அருவருப்பாக இருந்ததால் ஒதுக்கப்பட்டது. 2000-இல் கின்ஜி ஃபுகாசாகு அதைப் படமாக்கியபோது நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. ஜப்பானின் பொருளாதாரக் குமிழி 1990-களின் தொடக்கத்தில் உடைந்திருந்தது. வாழ்நாள் முழுவதும் வேலை தருவதாக அப்பன் தலைமுறைக்குச் சொல்லியிருந்த நிறுவனங்கள் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தின. பரீட்சையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நண்பனைத் தாண்டினால்தான் பிழைப்பு என்று கற்பிக்கப்பட்ட தலைமுறைக்கு, இந்தக் கதைகளில் மிகை எதுவும் தெரியவில்லை. 2021-இல் கொரியாவின் 'ஸ்க்விட் கேம்' தொடர் இதே கற்பனையை உலகம் முழுக்க, நம் ஊர்க் கைபேசிகள் வரை, கொண்டுபோனது.

இனி ஏரிக்கு வரலாம்.

பழவேற்காடு இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கே ஒரு சிறு பகுதி தமிழ்நாட்டில். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் நீர் ஏறும், கோடையில் பல இடங்களில் ஆள் நடந்து போகலாம். இந்த நீரில் எல்லா இடமும் ஒன்றல்ல. இறால் கடலுக்கும் ஏரிக்கும் போய்வருகிற உயிர். அதன் வழி முகத்துவாரத்தை ஒட்டியது. முளை நட்டுச் சுத்து வலை கட்டுகிறவனுக்கு அந்த வழியில் ஓர் இடம் கிடைப்பதும், நூறு பாகம் தள்ளி இன்னோர் இடம் கிடைப்பதும் ஒரே விஷயமல்ல. ஓர் இடத்தில் ஓர் இரவில் குடும்பத்தின் கடன் தீரலாம். மற்றோர் இடத்தில் விடிய விடியக் கண் விழித்தும் அடுப்பு எரியாமல் போகலாம். நல்ல இடம் கொஞ்சம்தான். வேண்டுகிறவர்கள் அதிகம். எந்தக் கரையிலும் சண்டை பிறக்கிற கணக்கு இதுதான்.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய மூன்று பட்டினவர் குப்பங்கள் இந்தக் கணக்குக்குக் கண்டுபிடித்த தீர்வுதான் பாடுமுறை. ஏரியின் வலை கட்டும் இடங்கள் பாடுகளாக வகுக்கப்பட்டிருக்கின்றன. குப்பங்கள் முறை வைத்து அவற்றில் இறங்குகின்றன. ஒரு குப்பத்துக்குள் யாருக்கு எந்த முறை என்பது சீட்டில் விழும். ஊரில் தலைக்கட்டாகப் பதிந்திருக்கிற ஆள்தான் சீட்டில் பெயர் கொடுக்கலாம். தலைக்கட்டு என்றால் ஊருக்கு வரி கொடுத்து, ஊரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஆண் தலை. பணக்காரத் தலைக்கட்டுக்கும் ஏழைத் தலைக்கட்டுக்கும் சீட்டு ஒன்றுதான். நல்ல இடம் இந்த முறை இவனுக்கு விழுந்தால் அவனிடமே தங்கிவிடாது, சுழன்று போகும். மாதா கோயில் குப்பமும் அம்மன் கோயில் குப்பமும் ஒரே நீரை ஒரே விதியின் கீழ்ப் பங்கிட்டுக்கொள்வதில் மதம் குறுக்கே வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டு சீட்டுகளையும் அடுத்தடுத்து வைத்தால் வேற்றுமை துலங்கும். ஜப்பானியக் கட்டடத்தில் சீட்டு ஒரே தடவைதான் விழுகிறது. அது ஒருவனுடைய பிழைப்பை இன்னொருவனுடைய சாவோடு முடிச்சுப் போடுகிறது. விதியை எழுதியவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஏரியிலோ சீட்டு மறுபடி மறுபடி விழுகிறது. இன்றைக்குக் கெட்ட சீட்டு எடுத்தவன் நாளைக்கு நல்ல சீட்டு எடுப்பான் என்பதால், இன்றைக்கு அவன் கத்தி எடுக்க வேண்டிய அவசியமில்லை. விதியை எழுதியவர்கள் அதே குப்பத்தில் அதே மணலில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் பெயரும் அதே சீட்டுகளில் இருக்கிறது. எந்த விதியிலும் நியாயம் இருக்கிறதா என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை: எழுதியவன் பெயர் சீட்டில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இது பழவேற்காட்டின் தனிச்சொத்தும் அல்ல. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் 'கட்டுதெல்' என்ற முளைவலை மீன்பிடிப்புக்கும் இதே போலச் சங்கங்களும் சீட்டும் உண்டு. 1958-இல் இலங்கை அரசு அதைத் தனி ஒழுங்குவிதிகளாக எழுதிச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. கொச்சிக் கழிமுகத்திலும் பாடு என்ற அதே பெயரில் முளைவலைக்காரர்கள் முறை போட்டுக்கொள்கிறார்கள். ஜப்பானின் கரையோரக் கிராமங்களும் நல்ல இடங்களைச் சீட்டாலும் சுழற்சியாலும் பங்கிட்டுக்கொண்ட வரலாறு உடையவைதாம். கொலைப் போட்டியைக் கற்பனை செய்த நாடு, அதைத் தவிர்க்கிற வித்தையையும் தன் கரையிலேயே வைத்திருந்தது. 1901-இன் மீன்வளச் சட்டமும், போருக்குப் பின் 1949-இல் வந்த சட்டமும் கரையோர உரிமையைக் கிராமத்து மீனவர் கூட்டமைப்புகளிடம் விட்டுவைத்தன. நம்மிடம் பாடுமுறைக்குச் சட்டத்தின் ஏட்டில் இடமில்லை. போலீஸ் நிலையத்திலும் தாசில்தார் அலுவலகத்திலும் அது ஒரு 'வழக்கம்', அவ்வளவுதான்.

இதோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு கிராமிய அழகியல் கட்டுரையாகிவிடும். மரபின் ஞானம் என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போகலாம். நம் பத்திரிகைகளில் அது நிறைய நடந்திருக்கிறது. சீட்டைப் பற்றிப் பேசுகிறவன் குடத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டை நாம் எல்லோரும் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம் ஒன்று தன் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை அது சொல்கிறது. 30 குடும்புகளிலிருந்து பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இதை உலகத்தின் முதல் ஜனநாயகம் என்று மேடையில் முழங்குகிறவர்கள், ஓலையில் பெயர் ஏறுவதற்கு என்ன வேண்டும் என்ற வரிகளை மெல்லக் கடந்துவிடுவார்கள். சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். சிறுவனுடைய கை பாரபட்சமற்றதுதான், ஆனால் பாரபட்சம் அந்தக் கை உள்ளே போவதற்கு முன்பே குடத்தின் வாயில் தன் வேலையை முடித்துவிட்டது.

பாடுமுறைக்கும் இந்த வாய் உண்டு. பெயர் ஏறுவதற்குப் பட்டினவராகப் பிறந்திருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். கூடையைத் தலையில் வைத்து மீனைச் சந்தைக்குச் சுமக்கிற பெண், தலைக்கட்டு எண்ணும்போது தலையாகக் கணக்கில் வருவதில்லை. ஏரிக்கரையில் வேறு மனிதர்களும் இருக்கிறார்கள். இருளர்கள் வலையே இல்லாமல் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிப்பவர்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதில் போடுவார்கள். தலித் குடும்பங்களிலும் கையால் இறால் தடவிப் பிழைத்தவர்கள் உண்டு. வலைக்காரனின் பாட்டுக்கு இவர்கள் போட்டி இல்லை என்றிருந்தவரை ஏரி அமைதியாக இருந்தது. ஒரு சாதியின் உள்ளே முழுச் சமத்துவம், வெளியே முழு விலக்கு. இரண்டும் ஒரே விதியின் இரண்டு பக்கங்கள்.

இந்த அமைதியைக் குலைத்தது ஜப்பானியர்களின் பசி. அந்த நாட்டுக்கும் இந்த ஏரிக்கும் தொடர்பு புதிதல்ல. டச்சுக் கம்பெனி 1609-இல் ஹிராடோவில் கொட்டகை போட்டது. 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரைக்கான தலைமை இடமாக வைத்துக்கொண்டது. கோடு போட்ட ஒரு பருத்தித் துணிக்கு ஜப்பானிய மொழியில் இன்றும் 'சந்தோமே' என்றுதான் பெயர். நம் சாந்தோமிலிருந்து போன பெயர். அதே கம்பெனி, பஞ்சம் வந்த ஆண்டுகளில் இந்தக் கரையில் மனிதர்களையும் வாங்கி பட்டாவியாவுக்குக் கப்பலேற்றியது. கணக்குப் புத்தகத்தில் துணிக்கும் ஆளுக்கும் எண்கள்தான் இருந்தன. வெகு தொலைவில் உட்கார்ந்திருப்பவனின் தேவை இந்த மணலில் யார் பிழைப்பது, யார் போவது என்பதை முடிவு செய்தது அப்போதே தொடங்கிவிட்டது.

1961-இல் ஜப்பான் இறால் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் இந்தியாவின் உறைந்த இறாலுக்கு ஜப்பான்தான் முதன்மைச் சந்தை. குப்பத்தில் குழம்புக்குப் போன வெள்ளை இறால் டாலர் ஆயிற்று. ஐஸ் பெட்டியும் ஏஜெண்டும் முன்பணமும் ஏரிக்கரைக்கு வந்தன. முன்பெல்லாம் பாடு என்பது வயிற்றுக்கு ஒரு முறை. இப்போது அது பணத்துக்கு ஒரு முறை ஆகிவிட்டது. குடத்துக்கு வெளியே நின்றவர்கள் முதன்முறையாகக் குடத்தைப் பார்த்தார்கள். விவசாயக் கூலி செய்தவர்களும் வேறு சாதியினரும் ஏரியில் வலையோடு இறங்கினார்கள். ஸ்ரீஹரிகோட்டா தீவு ராக்கெட் தளத்துக்கு எடுக்கப்பட்டு, 1971-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. தீவை இழந்தவர்களில் சிலரும் இதே நீரைத்தான் நம்பி வந்தார்கள். இறங்கியவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல: ஏரி யாருடைய அப்பன் வீட்டுச் சொத்து? பட்டினவர்களின் பதிலும் லேசானதல்ல: எல்லோரும் இறங்கினால் யாருக்கும் மீன் இருக்காது, இத்தனை காலம் ஏரி உயிரோடு இருந்ததே எங்கள் கட்டுப்பாட்டால்தான்.

இரண்டு பதிலும் உண்மை என்பதில்தான் துயரம் இருக்கிறது. இடதுசாரி விமர்சகன் முதல் குரலை மட்டும் கேட்பான், மரபு வாதி இரண்டாவதை மட்டும் கேட்பான். இரண்டையும் சேர்த்துக் கேட்கிற காது இலக்கியத்துக்குத்தான் இருக்க வேண்டும். 1980-களிலிருந்து ஏரியில் வலை அறுப்பும் கைகலப்பும் சமாதானக் கூட்டமும் மாறி மாறி வந்தன. வெளியே திறந்த கடலில் விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் நடந்த மோதல்களில் 1970-களின் கடைசியில் தமிழ்நாட்டில் உயிர்களே போயின. 1983-இன் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைலைச் சிறுபடகுகளுக்கு ஒதுக்கியது அந்த ரத்தத்துக்குப் பிறகுதான். ஏரிக்குள் யார் பெயர் எந்தக் குடத்தில் என்ற கேள்வியை எந்தச் சட்டமும் எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஜப்பானிய விளையாட்டு மறுபடி உதவுகிறது. அந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் நெடுநேரம் ஒருவரை ஒருவர்தான் எதிரி என்று நினைக்கிறார்கள். கீழ்த்தளங்கள் மூடப்படுவதை இயற்கை நிகழ்ச்சி போல ஏற்றுக்கொள்கிறார்கள். மூடுகிற கை யாருடையது, பந்தயம் யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி தாமதமாகத்தான் எழுகிறது. எழுந்த பிறகுதான் 13 பேரில் சிலராவது சேர்ந்து நிற்க முடிகிறது.

ஏரியின் தளங்களும் மூடிக்கொண்டுதான் வந்திருக்கின்றன. முகத்துவாரம் மணலால் அடைபடுகிறது. அடைபட்டால் இறால் வருவதில்லை, ஏரி உவர்ந்து சுருங்குகிறது. 1990-களில் கரையெங்கும் இறால் பண்ணைகள் வந்து நீரையும் நிலத்தையும் கெடுத்தன. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம், சிலிகா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று தீர்ப்பளித்தது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் இயங்கத் தொடங்கியது. அதையடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்து, 2018-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதை விரிவாக்கும் திட்டம் பழவேற்காட்டுக் கரையையும் ஏரியையும் அரித்துவிடும் என்று குப்பங்கள் எதிர்த்துப் போராடின. ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும். 2004 டிசம்பர் 26-இன் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளும் வலைகளும், குறைந்துகொண்டிருந்த மீனுக்குப் பின்னால் போகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டின. இவற்றில் எதையும் தீர்மானித்தவர்கள் பெயர் பாட்டுச் சீட்டில் கிடையாது. கெட்ட சீட்டு என்று ஒன்று அவர்களுக்கு விழவே விழாது.

ஆனாலும் குப்பத்துக்காரன் தன் வலையை அறுத்தவன் என்று பக்கத்து ஊர்க்காரனைத்தான் சொல்கிறான். வடக்கே ஆந்திர மீனவனோடு எல்லைத் தகராறு. தெற்கே பாடு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் தகராறு. அவர்கள் அறியாமையில் இருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. வலையை அறுக்கிற கை கண்ணுக்குத் தெரிகிறது, முகத்துவாரத்தை அடைக்கிற கை தெரிவதில்லை, அவ்வளவுதான். தெரியாததைத் தெரியவைப்பது யாருடைய வேலை என்ற கேள்வி எழுதுகிறவர்களிடம் வந்து நிற்கிறது.

ஜப்பானும் இதிலிருந்து தப்பிவிடவில்லை. 2018-இல் திருத்தப்பட்டு 2020-இல் நடைமுறைக்கு வந்த மீன்வளச் சட்டம், கரையோர வளர்ப்பு உரிமைகளில் கிராமக் கூட்டமைப்புகளுக்கு 1949 முதல் இருந்த முன்னுரிமையை எடுத்துவிட்டது. வெளி முதலீடு வர வேண்டும் என்பது காரணம். 70 ஆண்டுகள் சட்டத்தின் பாதுகாப்பில் இருந்த முறைக்கே இந்தக் கதி என்றால், வெறும் வழக்கமாக நிற்கிற பாடுமுறை எத்தனை நாள் தாங்கும்?

கடைசியாக நம்மைப் பற்றி. புதுக்கவிதையில் கடலுக்குக் குறைவில்லை. தனிமைக்குக் கடல், முடிவின்மைக்குக் கடல், மௌனத்துக்குக் கடல். அந்தக் கடலில் முளை நட்டவர்களையும் முறைக்குக் காத்திருந்தவர்களையும் காண்பது அரிது. மீனவன் வந்தால் வறுமையின் படமாகவோ வீரத்தின் படமாகவோ வருவான். ஒரு விதியை யோசித்து உருவாக்கி, அதைப் பாதுகாத்து, அதனாலேயே இன்னொருவனுக்கு அநியாயம் செய்தவனாக வருவதில்லை. அப்படி வந்தால்தான் அவன் முழு மனிதனாக வருகிறான் என்று அர்த்தம். சிந்திக்கிறவனுக்குத்தான் குற்றமும் உண்டு.

நம் வட்டத்திலும் ஒரு குடம் இருக்கிறது. 1959-இல் 'எழுத்து', 1970-இல் 'கசடதபற' என்று தொடங்கிய சிறுபத்திரிகை மரபு தன் உள்ளே சமமாகத்தான் நடந்துகொண்டது. பணமோ பதவியோ யாரையும் முந்தவிடவில்லை, எழுத்துக்குத்தான் முறை. ஆனால் 1990-களில் தலித் எழுத்தும் பெண் எழுத்தும் வந்து நின்று கேட்டபோதுதான், அந்த உள் சமத்துவம் யாரைக் கொண்டு நிரம்பியிருந்தது என்பது தெரிந்தது. அப்போது வட்டத்தில் சிலர் சொன்ன பதில், எல்லோரும் இறங்கினால் தரம் இருக்காது என்பது. ஏரிக்கரையில் கேட்ட அதே பதில். இறங்கியவர்களால் ஏரி வற்றிவிடவில்லை என்பதை இப்போது வரலாறாகவே சொல்லலாம். நீரும் சொல்லும் ஒன்றல்ல. இறால் பகிர்ந்தால் குறையும், சொல் குறையாது. அந்த ஒரு வேற்றுமையே நம் பக்கத்து விலக்கை இன்னும் நியாயமற்றதாக ஆக்குகிறது.

பாடுமுறையை ஒழிக்க வேண்டும் என்று சொல்வது, கட்டடத்தின் கதவைத் திறந்து 13 பேரை 13,000 பேராக்குவது போல. அதை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று சொல்வது, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் நகர்கிற பெண்ணைப் பார்க்காமல் இருப்பது. சுழன்று வருகிற முறை, எழுதியவன் பெயரும் சீட்டில் இருப்பது என்ற இரண்டும் அந்தக் குப்பங்கள் உலகத்துக்குச் சொல்லக்கூடிய அரிய விஷயங்கள். அந்த இரண்டையும் விடாமல் குடத்தின் வாயை அகலமாக்க முடியுமா என்பதுதான் கேள்வி. துறைமுகமும் சந்தையும் ஏரியின் விதியை எழுதிக்கொண்டிருக்கும்போது, அவற்றின் பெயரையும் ஓலையில் எழுதி, கெட்ட பாட்டின் பங்கை அவையும் ஏற்கச் செய்ய முடியுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. மூன்று குப்பங்கள் மட்டும் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் நல்ல இடத்தையும் கெட்ட இடத்தையும் ரத்தம் சிந்தாமல் பங்கிட வழி உண்டு என்பதை அந்த மூன்று குப்பங்கள் மணலில் உட்கார்ந்து செய்து காட்டியிருக்கின்றன. அதை அறிந்து நடப்பதற்குத்தான் பண்பு என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள்.